குடிகாரன் திருந்த வந்த மலை

சென்னைப் பட்டினத்துச் செல்வந்தன் ஒருவன். பெயர் கிருஷ்ணமூர்த்தி. நல்ல மனைவி, ஒரு பெண் குழந்தை, குறைவில்லாத வாழ்வு. கூடாத நண்பனொருவன் அவனை ஒரு விருந்துக்கு அழைத்துப் போகிறான். அங்கே தொட்ட மதுக்கிண்ணம் அவனை விடவில்லை. கடன் ஏறுகிறது. போதையில் மனைவி மேலேயே சந்தேகம் வருகிறது. துப்பாக்கி வெடிக்கிறது. தன் நண்பனைத் தானே கொன்றுவிட்டதாக எண்ணிக் கடல் கடந்து ஓடுகிறான். ஓடிவந்து சேரும் இடம் எது தெரியுமா? இலங்கையின் தேயிலைத் தோட்டம். அங்கே கூலியாளாக வேலை செய்கிறான். மண்ணில் ஒரு புதையல் கிடைக்கிறது. அதை நேர்மையாக முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். முதலாளி அவனை மகனாகவே சுவீகரித்துக்கொள்கிறார்.

இது 1936 ஆம் ஆண்டு வெளியான ‘சதி லீலாவதி’ படத்தின் கதை. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், ஒரு சொல் தமிழ் தெரியாதவர், இயக்கிய படம். எம்.கே. ராதா கதாநாயகன். ரீ.எஸ். பாலையா வஞ்சக நண்பன். என்.எஸ். கிருஷ்ணனும் உண்டு. பொலிஸ் இன்ஸ்பெக்டராகச் சிறிய வேடத்தில் வந்த ஓர் இளைஞருக்கு அதுவே முதற்படம். அவர் நமது கண்டியில் பிறந்த எம்.ஜி. ராமச்சந்திரன். சினிமா வரலாறு எழுதுவோர் இந்தக் கடைசிச் செய்திக்காகவே அந்தப் படத்தைக் குறிப்பிடுகிறார்கள். படத்தின் பிரதி எதுவும் இன்று எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை.

டிக்கோயாவில் லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் படம் வேறொன்றுக்காக முக்கியமானது. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளியைத் திரைக்குக் கொண்டுவந்த மிகப் பழைய தமிழ்ப் படங்களில் அது ஒன்று. ஆனால் அந்தத் தொழிலாளி எங்களில் ஒருவன் அல்லன். பட்டினத்தில் குடித்துக் கெட்டு, இங்கே வந்து வியர்வை சிந்தித் தெளிந்து திரும்பிப் போகிற ஒரு கனவான். தேயிலை மலை என்பது குடிகாரன் திருந்துகிற இடம்! எங்கள் தோட்டத்துச் சம்பள நாளைக் கண்ணால் கண்ட எவரும் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது. எப்படி வந்தது இந்தக் கற்பனை? இத்தொடரை வானொலியில் கேட்கும் நேயர்களும் இங்கே அச்சில் படிக்கும் வாசகர்களும் சற்றுப் பொறுமையோடு என்னுடன் பின்னோக்கி வரவேண்டும். குடிகாரனையும் குடி துறந்தவனையும் கலைகள் எப்படியெல்லாம் வரைந்து வந்தன என்பது நீண்ட கதை.

சங்க இலக்கியத்தில் குடி ஒரு குற்றமே இல்லை. கள், தேறல், நறவு, மட்டு, தோப்பி, பிழி என்று அதற்குத்தான் எத்தனை பெயர்கள்! பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கடைகளில் கள் விற்பதைச் சொல்லும் கொடிகள் பறக்கின்றன. பெரும்பாணாற்றுப்படை அரிசியிலிருந்து தோப்பி வடிக்கும் முறையையே சொல்லித் தருகிறது. பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஊற்றித்தர அருந்தி இனிது வாழ்க என்கிறார். கவிஞரின் வெறும் அலங்காரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டு மோட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன.

ஔவையார் இதற்கெல்லாம் சிகரம். அதியமான் இறந்தபோது அவர் பாடிய கையறுநிலைப் பாட்டு முதலில் நினைவுகூருவது எதைத் தெரியுமா? கொஞ்சம் கள் இருந்தால் அவன் எங்களுக்கே தந்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் உண்டு மகிழ்வான் என்பதைத்தான். இறந்த வீரனின் நடுகல்லுக்குக் கள்ளைப் படைக்கும் காட்சியும் அவரிடம் உண்டு. ஓர் அரசனும் ஒரு பெண் புலவரும் சமமாக உட்கார்ந்து ஒரே கள்ளைப் பகிர்ந்துகொண்ட காலம் அது. இந்த ஔவையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லவேண்டி வரும்.

வள்ளுவர் வருகிறார். காற்று மாறுகிறது. ‘கள்ளுண்ணாமை’ தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம். அதை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் அறத்துப்பாலில் துறவியலில் வைத்தவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தார். முன்னால் வரைவின் மகளிர், பின்னால் சூது. எனவே அவர் பார்வையில் குடி முதலில் செல்வத்தையும் மதிப்பையும் பகைவர் கொண்டுள்ள அச்சத்தையும் அழிப்பது. குடிகாரனை நரகத்தைக் காட்டி அவர் மிரட்டவில்லை. பெற்ற தாயின் முகத்தையே எடுத்துக் காட்டுகிறார். அவளுக்கே அது பொறுக்காதென்றால் சான்றோர் முன் எப்படியிருக்கும் என்று கேட்கிறார். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில் உள்ள நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. குடிப்பவன் தான் குடியாமல் இருக்கும் ஒரு வேளையில், குடித்துக் கிடக்கும் வேறொருவனைப் பார்க்கிறானே, அப்போது தன் நிலையும் இதுதான் என்று எண்ண மாட்டானா என்கிறார். ஒரு குடிகாரனுக்கு இன்னொரு குடிகாரனைக் கண்ணாடியாகப் பிடிக்கிறார். இந்தக் கண்ணாடி பின்னால் தமிழ்க் கலையில் வேறு இடங்களிலும் வரப்போகிறது.

அதே வள்ளுவர் காமத்துப்பாலுக்குப் போனதும், காதலுக்கு உவமை சொல்லக் கள்ளைத்தான் எடுக்கிறார். உண்டவர்க்கு மட்டுமே மகிழ்ச்சி தருவது கள், கண்டாலே மகிழ்ச்சி தருவது காதல் என்பது அவர் கணக்கு. கள்ளின் இன்பத்தை அறியாதவர் போல அவர் நடிக்கவில்லை.

ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்று ஒரு கேலி நாடகம் எழுதினான். வடமொழி நாடகமானாலும் தமிழ் மண்ணின் தெருக்களில் நடப்பது. சத்தியசோமன் என்ற காபாலிகன் தன் துணைவி தேவசோமாவோடு குடித்துத் தள்ளாடி வருகிறான். மதுவும் இரந்த சோறும் வாங்கும் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு, வழியில் வந்த புத்த பிக்குவைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். அந்தப் பிக்குவோ, மதுவையும் மாதரையும் புத்தர் விலக்கியிருக்கவே மாட்டார், பழைய நூலில் அனுமதித்திருப்பார் என்று தனக்குள் புலம்பிக்கொண்டு போகிறவர். ஒரு நாய் தூக்கிச் சென்ற ஓடு கடைசியில் ஒரு பைத்தியக்காரன் கையிலிருந்து திரும்பக் கிடைக்கிறது. இதில் ஓரிடம் உண்டு. போதையில் துணைவியின் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்ட காபாலிகன், இன்றோடு குடியை விட்டேன் என்கிறான். அவளோ, என் பொருட்டு உங்கள் விரதத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று காலில் விழுகிறாள். அவர்கள் சமயத்தில் குடிப்பதுதானே விரதம்! மதுவிலக்கு உறுதிமொழியை இதைவிட அழகாக எவரும் கேலி செய்ததில்லை. செய்தவன் ஓர் அரசன்.

பௌத்தத்தின் மறுமொழியும் நாம் கேட்கவேண்டியதே. பாளி ஜாதகக் கதைகளில் ‘கும்ப ஜாதகம்’ மது எப்படித் தோன்றியது என்று சொல்கிறது. காசி நாட்டு வேடன் சுரன் காட்டில் ஒரு மரத்தைப் பார்க்கிறான். கிளை பிரியும் இடத்திலுள்ள பொந்தில் மழைநீர் நிறைந்திருக்கிறது. கடுக்காயும் நெல்லியும் மிளகும் அதில் உதிர்கின்றன; கிளிகள் கொண்டுவந்த நெல்லும் விழுகிறது. வெயிலில் அது புளித்துச் சிவக்கிறது. தாகத்துக்குக் குடித்த பறவைகள் மயங்கி மரத்தடியில் விழுந்து, சற்றுத் தூங்கி எழுந்து, பாடிக்கொண்டே பறந்து போகின்றன. நஞ்சாக இருந்தால் செத்திருக்குமே என்று வேடனும் குடிக்கிறான். அவன் பெயரால் அது ‘சுரா’ ஆயிற்று. முடிவில் இந்திரன் ஒரு குடத்தோடு அரசன் முன் தோன்றி, இந்தக் குடத்தில் என்னென்ன கேடு இருக்கிறதென்று விலைகூறி விற்கிறான். கண்டித்துப் பேச வந்த கதைதான். ஆனால் அந்தப் பறவைகள் எழுந்து பறக்கும் இடத்தை எழுதியவன் கையில் கொஞ்சம் மகிழ்ச்சி ஒட்டியிருக்கிறது.

கம்பனை விட்டுவிட்டு மேலே போக மனம் வரவில்லை. பாலகாண்டத்தில் ‘உண்டாட்டுப் படலம்’ என்று ஒரு படலம் முழுதையும் அவன் மதுவுக்கே ஒதுக்கினான். தசரதனின் சேனை மிதிலைக்குப் போகிற வழியில் ஆணும் பெண்ணும் குடித்துக் களிக்கிறார்கள். ஒருத்தி கிண்ணத்து மதுவில் தன் முகத்தின் நிழலைக் கண்டு, வேறொருத்தி வந்திருக்கிறாள் என்று எண்ணி அவளோடு பேசுகிறாள். இன்னொருத்தி கிண்ணத்தில் தெரியும் நிலவைப் பார்த்து, நீ வானத்தை விட்டு இங்கே வந்து ஒளிந்தாயா என்கிறாள். போதையை இப்படிச் சிரித்துக்கொண்டே, ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளாமல் வரைந்த கவிஞன், கிட்கிந்தா காண்டத்தில் என்ன செய்கிறான்? சுக்கிரீவன் குடித்துக் கிடந்து, இராமனுக்குக் கொடுத்த தவணையை மறந்துவிடுகிறான். இலக்குவன் சீறிக்கொண்டு வருகிறான். போதை தெளிந்த சுக்கிரீவன் கள்ளைப் பழித்துப் பேசும் பேச்சு தமிழில் குடிகாரன் ஒருவனே தன் வாயால் சொன்ன மிக வேதனையான சாட்சியம். தாய் யார் தாரம் யார் என்று தெரியாமற் போன பிறகு மற்ற அறங்களைப் பற்றிப் பேசி என்ன என்று நொந்து, இனி அதைத் தீண்டேன் என்று ஆணையிடுகிறான்.

இரண்டு படலங்களுக்கும் இடையில் என்ன வேறுபாடு? முதலாவதில் எவருக்கும் அன்றைக்குச் செய்யவேண்டிய கடமை இல்லை. இரண்டாவதில் காத்திருக்கும் ஒருவன் இருக்கிறான். காத்திருப்பவன் ஒருவன் வந்துவிட்டால் குடி வேறு பொருளாகிவிடுகிறது. இதைக் கம்பன் விளக்கிச் சொல்லவில்லை. வைத்திருக்கும் இடத்தாலேயே காட்டிவிடுகிறான்.

இனி ஒரு பெரிய தாவல். 1751 ஆம் ஆண்டு இலண்டன். மலிவான ஜின் சாராயம் ஏழைகளை அழித்துக்கொண்டிருந்த காலம். வில்லியம் ஹோகார்த் இரண்டு செதுக்கோவியங்களை ஒரு சோடியாக வெளியிட்டார். ‘ஜின் சந்து’ படத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் தாய் போதையில் பொடிச்சிமிழைத் தேடுகிறாள். அவள் மடியிலிருந்து குழந்தை தலைகீழாக விழுந்துகொண்டிருக்கிறது. வீடுகள் இடிகின்றன. அடகுக்கடை மாத்திரம் செழிக்கிறது. மற்றப் படமான ‘பியர் வீதி’யில் எல்லோரும் கொழுத்துச் சிரிக்கிறார்கள், அங்கே அடகுக்கடைதான் இடிந்து கிடக்கிறது. கவனியுங்கள், ஹோகார்த் குடிக்கு எதிரி அல்லர். நல்ல ஆங்கில பியரைக் குடியுங்கள், கெட்ட ஜின்னைக் குடியாதீர்கள் என்பதே அவர் வாதம். அதே ஆண்டில் ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது.

முழு மதுவிலக்கு என்ற எண்ணம் பிறந்தது எண்பது வருடங்களுக்குப் பிறகுதான். 1832 இல் பிரெஸ்டன் என்ற ஆலைப் பட்டினத்தில் ஜோசப் லிவ்ஸேயும் அவருடைய தோழர்களுமாக ஏழு பேர், எந்த மதுவும் தொடோம் என்று கையெழுத்திட்டார்கள். அடுத்த வருடம் அதே ஊர்த் தொழிலாளி ஒருவர் மேடையில் சொன்ன ஒரு சொல்லிலிருந்து ‘டீடோட்டல்’ என்ற பெயர் பரவியது. அதிலுள்ள ‘டீ’க்கும் நம் தேநீருக்கும் சொல்லளவில் ஓர் உறவும் இல்லை. ஆனால் பொருளளவில் உறவு வந்துவிட்டது. சாராயக் கிளாசைக் கீழே வைத்தவன் கையில் வேறெதைக் கொடுப்பது? தேநீர்க் கோப்பையைக் கொடுத்தார்கள். மதுவிலக்குச் சங்கங்கள் நூற்றுக்கணக்கானோரைக் கூட்டி வைத்து நடத்திய விழாக்கள் தேநீர் விருந்துகளே. தேநீர் என்பது தெளிந்தவனின் பானம், நல்ல குடும்பத்தின் பானம், ஞாயிற்றுக்கிழமையின் பானம் என்று ஆயிற்று.

அந்தக் கோப்பையை நிரப்பத்தான் நாங்கள் கொண்டுவரப்பட்டோம் என்றால் மிகையாகாது. இங்கே 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் தொடங்கிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்தது. 1884 இல் ஹட்டனுக்கு ரயில் வந்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் தோட்டங்களை வாங்க வந்தார். டிக்கோயாவின் மலைகள் கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறின. ஆங்கிலேயத் தொழிலாளியைச் சாராயத்திலிருந்து காப்பாற்றிய கொழுந்தைக் கிள்ளிய கைகளுக்கு மாலையில் என்ன கிடைத்தது? சாராயத் தவறணை. தரவளையில் துரைமாருக்கு விளையாட்டுத் திடலோடு கிளப்; பட்டினத்துச் சந்தியில் எங்களுக்குத் தவறணை. இடையில் தேயிலை. இந்த முக்கோணத்தை எந்த ஓவியனாவது ஒரு சோடிப் படமாக வரைந்திருந்தால் ஹோகார்த்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன்.

மீண்டும் இங்கிலாந்து. 1847 இல் ஜோர்ஜ் குருக்ஷாங்க் ‘போத்தல்’ என்று எட்டுப் படங்களைத் தொடர்கதையாக வரைந்தார். முதற்படத்தில் அழகான வீடு, சுத்தமான மேசை. கணவன் மனைவியிடம் ஒரு துளி சாப்பிட்டுப் பார் என்கிறான். பிறகு வேலை போகிறது, தட்டுமுட்டுகள் போகின்றன, குழந்தை போகிறது. அதே போத்தலால் அவன் மனைவியைக் கொல்கிறான். கடைசிப் படம் பைத்திய ஆஸ்பத்திரி. பிரதிகள் ஆயிரம் ஆயிரமாக விற்றன. உடனே நாடகமாகவும் மேடையேறியது. அடுத்த வருடம் குடிகாரனின் பிள்ளைகளைப் பற்றி இன்னொரு தொடர் வந்தது. அப்போது அவருடைய நண்பர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் ஒரு மறுப்பை எழுதினார். வரைந்த விதம் அற்புதம், ஆனால் கதை தொடங்கும் இடம் தவறு என்பது அதன் சாரம். குடி எல்லாவற்றுக்கும் காரணம் என்று காட்டுகிறீர்களே, குடிக்கே காரணங்கள் உண்டே என்றார். நாற்றமெடுத்த குடியிருப்பு, காற்றும் வெளிச்சமும் நல்ல தண்ணீரும் இல்லாமை, கேடான வேலைத்தலம், இவற்றையும் வரைய வேண்டாமா என்று கேட்டார்.

டிக்கன்ஸ் எங்கள் லயங்களைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அந்தப் பட்டியலில் மழையையும் அட்டைக்கடியையும்தான் கூடுதலாகச் சேர்த்திருப்பார்.

குருக்ஷாங்கின் வழியிலேயே 1860 இல் ஒரு நாவல் பிறந்தது. ஸ்கொட்லாந்து மதுவிலக்குச் சங்கம் சிறந்த மதுவிலக்குக் கதைக்கு நூறு பவுண் பரிசு என்று அறிவித்தது. மிஸிஸ் ஹென்றி வுட் என்ற பெண்மணி ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்று எழுதிப் பரிசைப் பெற்றார். ஒரு தொழிற்சாலைக் குடும்பம் மதுவால் சிதைவதே கதை. இந்தப் புத்தகம் கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. எழுபது வருடங்களுக்கு மேல் கழித்து, 1934 இல், ‘ஆனந்த விகடன்’ அதிபர் எஸ்.எஸ். வாசன் அதன் சாயலில் ஒரு தொடர்கதை எழுதினார். அந்தத் தொடர்தான் ‘சதி லீலாவதி’. அதே காலத்தில் ‘பதி பக்தி’ என்ற நாடகமும் படமும் ஏறக்குறைய அதே கதையோடு இருக்கவே வழக்கு எழுந்தது. இரண்டுக்கும் மூலம் அந்த ஆங்கில நாவலே என்று வாசன் சொல்லிவிட்டார். சுற்றிவளைத்துத் தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டோம். பிரெஸ்டன் தேநீர் விருந்துகளின் காலத்தில் வேர்விட்ட கதை, தேயிலை விளையும் மலைக்கே ஒரு குடிகாரனைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது!

வாசன் இங்கே ஆங்கிலத்தை அப்படியே கொண்டுவரவில்லை. காலம் காந்தியின் காலம். குடும்பத்தைக் காக்கும் லீலாவதி இராட்டையில் நூல் நூற்றுப் பிழைக்கிறாள். 1929 இலேயே திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து ராஜாஜி மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற மாத இதழை நடத்தினார். கல்கி அதில் துணையாசிரியராக இருந்து கதைகள் எழுதினார். 1937 இல் ராஜாஜி முதல்வரானதும் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. இந்த அலையில் படைக்கப்பட்ட பெண்கள் எல்லோரும் லீலாவதிகள். குடிகாரன் திருந்தும் வரை அவள் அழுவாள், நூற்பாள், காத்திருப்பாள்.

அதே வாசன் 1953 இல் ‘ஔவையார்’ என்று மாபெரும் படமெடுத்தார். கே.பி. சுந்தராம்பாள் நெற்றி நிறையத் திருநீறும் கையில் கோலுமாய், தெய்வம் பாடும் மூதாட்டியாக வந்தார். அதியமானோடு கள் பகிர்ந்த அந்தப் பழைய ஔவை அந்த முகத்தில் இல்லை. பிற்காலத்து ஔவையார் வேறொருவர் என்று ஆராய்ச்சியாளர் சொல்வர், உண்மைதான். ஆனாலும் தமிழ்க் கலை ஒரு பெண்ணின் கையிலிருந்து கிண்ணத்தை எப்போது வாங்கி வைத்தது என்று கேட்டால், நான் இந்த இரண்டு படங்களையும் சேர்த்தே காட்டுவேன்.

இலங்கையிலும் மதுவிலக்கு இயக்கம் வலுவாகவே நடந்தது. 1904 இல் ஓர் அலை. 1912 இன் கலால் சட்டம் கள்ளுத் தவறணைகளை நாடெங்கும் பெருக்கியபோது இன்னொரு பெரிய அலை. எப்.ஆர். சேனாநாயக்க, டி.எஸ். சேனாநாயக்க, டி.பி. ஜயதிலக்க போன்றோர் அதில் முன்னின்றார்கள். 1915 கலவரத்தின்போது அவர்களைக் குடியேற்ற அரசு சிறையிலடைத்தது. நமது தேசியத் தலைமை உருவானதே மதுவிலக்கு மேடையில்தான் என்று வரலாற்றாசிரியர் சொல்வது வழக்கம். அந்த மேடைகள் பெரும்பாலும் சிங்களக் கிராமங்களிலும் கரையோரப் பட்டினங்களிலும் இருந்தன. தோட்டத்துக்குள்ளே துரையின் அனுமதியின்றி வெளியார் நுழைய முடியாத காலம் அது. 1927 நவம்பரில் காந்தி வந்தார். மலைநாட்டுக்கும் வந்து தொழிலாளரிடம் பேசினார். பேசியவற்றுள் குடியை விடுங்கள் என்பது முக்கியமானது. தேநீரையும் அவர் அவ்வளவாக ஆதரித்தவரல்லர் என்பதைச் சிரித்துக்கொண்டே இங்கு சொல்லி வைக்கிறேன். கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மாளும் பின்னர் துண்டுப் பிரசுரத்தோடும் பாட்டோடும் லயங்களை நெருங்கினார்கள். அவர்கள் பேசியது சம்பளத்தையும் உரிமையையும் பற்றி. டிக்கன்ஸ் கேட்ட காரணங்களுக்கு அதுவே சரியான இடம் என்பது என் எண்ணம்.

இப்போது புதையலைக் கவனியுங்கள். ‘சதி லீலாவதி’ நாயகனுக்குத் தோட்டத்து மண்ணில் புதையல் கிடைக்கிறதே, அதே போன்ற கதை ஒன்று எங்களுக்கும் உண்டு. ஆள் கட்டப் போன கங்காணிமார், தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஊரிலே ஆசை காட்டினார்களாம். அதை நம்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். தோண்டியவர்களுக்குக் கிடைத்தது கடன். கங்காணியின் துண்டுமுறை 1921 இல் ஒழிக்கப்படும் வரை, ஓர் ஆள் கடனோடுதான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறினான். பொய்யான புதையலைச் சொல்லி அழைத்து வரப்பட்டவர்களின் மலையில், சினிமாக்காரன் உண்மையாகவே ஒரு புதையலை எடுத்து, திருந்திய கனவானின் கையில் கொடுத்துவிட்டான்.

இனி லயத்துக்குள்ளே. என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தாள். சம்பள நாளில் அவள் மலையில் கூடை சுமந்துகொண்டிருப்பாள். அவளுடைய சம்பளத்தை அப்பா போய்க் கைநீட்டி வாங்குவார். எங்கள் லயத்தில் மட்டுமல்ல, தோட்டங்களெல்லாம் அப்படித்தான். பெண்ணின் சம்பளத்தைப் புருஷனோ தகப்பனோ வாங்குவது எழுதாத சட்டமாயிருந்தது. அம்மா மாலையில் வந்து அடுப்பை மூட்டும்போது, எவ்வளவு கிடைத்ததென்பதை அப்பா நடந்து வரும் நடையிலிருந்துதான் தெரிந்துகொள்வாள். நேராக வந்தால் ஒரு கணக்கு. சாய்ந்து வந்தால் ஒரு கணக்கு. அவர் ஒருநாளும் அவளை அடித்ததில்லை. பாடுவார். நல்ல குரல். பாட்டு முடியும் வரை எங்களுக்குச் சோறு கிடையாது, அவ்வளவுதான். குருக்ஷாங்கின் போத்தல் எங்கள் வீட்டில் யாரையும் கொல்லவில்லை. அது சம்பளத்தைத்தான் கொன்றது, மாதத்துக்கு ஒரு முறை.

இந்தக் காட்சியைக் கலை எங்கே வரைந்திருக்கிறது? சி.வி. வேலுப்பிள்ளை, என்.எஸ்.எம். ராமையா, தெளிவத்தை ஜோசப் என்று மலையகத்தின் நல்ல எழுத்தாளர்கள் இந்த வாழ்வின் உள்ளே இருந்து எழுதினார்கள். குடிக்கிற கணவன் மலையகச் சிறுகதைகளில் அடிக்கடி வருகிறான். அவற்றில் என்னைக் கவர்ந்தவை அவனைப் பிசாசாகவோ, கடைசி வரியில் திருந்துகிற புண்ணியவானாகவோ காட்டாதவை. ஆனால் ஒரு குறை சொல்ல வேண்டும். அந்தக் கதைகளிலும் நாம் பெரும்பாலும் தவறணைக்குப் போகிறவனோடுதான் நடக்கிறோம். அடுப்படியில் இருந்து நடையோசையைக் கேட்கிறவளின் காதோடு நாம் போதுமான அளவு இருந்ததில்லை.

வள்ளுவரின் கண்ணாடியைப் பற்றி முன்னே சொன்னேன். 1968 இல் வந்த ‘ஒளி விளக்கு’ எம்.ஜி.ஆரின் நூறாவது படம். திரையில் குடிக்காதவர் என்று பெயரெடுத்த அவர் அதில் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார். உடனே அவருடைய உருவமே நான்காகப் பிரிந்து வந்து அவரைச் சூழ்ந்து இடித்துரைக்கிறது. ஹட்டனில் அதைப் பார்த்த எங்கள் தோட்டத்து ஆட்கள் அந்தக் காட்சியை மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். கம்பனின் பெண் கிண்ணத்தில் கண்ட நிழல் அவளைச் சிரிக்க வைத்தது. இந்த நிழல்கள் கண்டிக்கின்றன. அவ்வளவு தூரம் வந்துவிட்டோம். அவரே முதலமைச்சரான பின்பு தமிழ்நாட்டில் 1981 இல் கள்ளும் சாராயமும் மீண்டும் அனுமதிக்கப்பட்டதும், 1983 இல் மது விற்கும் அரசு நிறுவனமான டாஸ்மாக் தோன்றியதும் வரலாறு. திரையில் நான்கு உருவங்கள் போதாமற் போய்விட்டன போலும்.

இங்கே 2006 இல் புகையிலை, மதுசாரம் பற்றிய அதிகாரசபைச் சட்டம் வந்தது. மதுவுக்கு விளம்பரம் கூடாது. இப்போது தொலைக்காட்சியில் பழைய படம் போகும்போது, நடிகன் கிண்ணத்தைத் தூக்கினால் கிண்ணமிருக்கும் இடம் மங்கலாகிவிடுகிறது. ஒரு கையும், ஒரு வாயும், நடுவிலே ஒரு பனிமூட்டமும். ஹோகார்த் பார்த்தால் என்ன சொல்வாரோ! அந்த மங்கலுக்கு வெளியே, லயத்துக்குப் பின்னாலே கானோரத்தில், கசிப்பு காய்ச்சுகிற வாசனைக்கு எந்தத் திரையும் இல்லை.

இதையெல்லாம் விட நுட்பமான ஒரு சித்திரத்தை நான் அச்சிலோ திரையிலோ காணவில்லை. எங்கள் காமன் கூத்தில் கண்டேன். ரதியும் மதனும் வருவதற்கு முன்னால் சனத்தைக் கட்டிப்போட ஒரு கோமாளி வருவான். ஒரு வருடம் அந்த வேடம் கட்டியவர் மருந்தடிக்கும் வேலைக்காரர், ஊரறிந்த குடிகாரர். அன்று மட்டும் ஒரு துளி தொடாமல் வந்திருந்தார். அவர் ஒரு காலி டின்னைச் சம்பள மேசையாக வைத்து, தானே கணக்கப்பிள்ளையாய்ப் பெயர் கூப்பிட்டார். தன் மனைவியின் பெயரைத்தான் கூப்பிட்டார். பிறகு தானே அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பெண் குரலில் “இந்தா வாறேங்க” என்றார். கையை நீட்டினார். மறு கையால் அந்தக் காசை அந்தக் கையிலிருந்தே பிடுங்கினார். இரண்டு கையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. வென்ற கை இடுப்பில் சொருகிக்கொண்டு தள்ளாட, தோற்ற கை வெறுமனே விரிந்து சனத்துக்கு முன்னால் அப்படியே நின்றது. ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. பெண்கள் பக்கம் அதைவிடப் பெரிய சிரிப்பு. அம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் சிரித்தாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் தப்பு முழங்கி, ரதியின் வேடம் பந்தலுக்குள் நுழைந்துவிட்டது.